தவ்ஹீதாவுக்காக வளைந்த சாலை

1

இந்தக் கதை பிறந்ததே ஒரு பொய்யில்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெய்ரோவின் பழைய இடுகாட்டில் என் பெரியம்மாவைப் புதைத்த முற்றத்துச் சுவரில் சிவப்புப் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். புதிய சாலை அந்த வழியாக வருகிறதாம். (ஊர் நெரிசலில் மாட்டி அழாத குறையாகத் திட்டியவன் நான். சாலையே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை.) பெரியம்மா மகள் இஹ்சான் அன்று மாலையே வந்து நின்றாள்.

"பேர் போனவங்க கல்லறைன்னா இடிக்க மாட்டாங்களாம். அம்மா பக்கத்துல ஒரு பெரிய ஆளப் படுக்க வைடா."

"அக்கா, அது பொய்."

"இத்தன வருஷமா நீ எழுதிக் கிழிச்சதெல்லாம் என்னவாம்?"

2

முதல் வரைவு: 'இம்முற்றத்தில்தான் உறங்குகிறார், துறைமுகத் தொழிலாளருக்காகப் பாடிய அந்த மாகவிஞர்...'

அடித்துவிட்டேன். இஹ்சான் தாளை என் மேலேயே வீசினாள்.

"அறிவிருக்கா? எங்கம்மா படுத்திருக்கறது பொம்பளைங்க அறை. அங்க போயி அந்நிய ஆம்பளைய..."

எங்கள் ஊரில் மண்ணுக்கடியிலும் ஆண்களுக்கு ஓர் அறை, பெண்களுக்கு ஓர் அறை. எனக்கு அது மறந்தே போயிருந்தது. ஆகவே கவிஞரைப் பெண்ணாக்கி, தவ்ஹீதா என்று பெயர் வைத்து, நான்கு கவிதைகளும் எழுதினேன். [என் பெயரில் வந்தவற்றைவிட அவை நன்றாக இருந்தன. வயிறு எரிந்தது.] வார இதழ் ஒன்று கட்டுரையாகப் போட்டது.

3

யாரும் நம்ப மாட்டார்கள் என்று நினைத்தேன். கல்லூரிப் பெண்கள் கல்லறையில் வைக்கப் பேரீச்சை ஓலையோடு வந்து, இறந்தவருக்கான ஃபாத்திஹா ஓதினார்கள். ஒரு பேராசிரியர், தவ்ஹீதாவைச் சிறுவயதில் நேரிலேயே பார்த்ததாகத் தொலைக்காட்சியில் சொன்னார். பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் அரசுக் குழு வந்து பார்த்தது. சிவப்புக் குறியைச் சுரண்டிவிட்டார்கள்.

கதையை இங்கே முடித்திருக்கலாம். 'எழுத்து வென்றது. அன்றிரவு இஹ்சான் நிம்மதியாக'

வேண்டாம். சாலையை யாரும் கைவிடவில்லை. கொஞ்சம் வளைத்தார்கள், அவ்வளவுதான். மறுநாள் அதே சிவப்புக் குறி எதிர்ச்சுவரில் இருந்தது.

4

எதிர் முற்றம் அத்திய்யாத் என்ற பெண்ணுடையது. இறந்தவர் பெயரில் வெள்ளிதோறும் அவள் பங்கிடும் ரொட்டியை நானும் தின்றிருக்கிறேன். (அடிக்குறிப்பு: போன வாரம் தவ்ஹீதா பெயரிலும் ஒன்று கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.)

இன்று அவள் என் வீட்டுக்கு வந்தாள். வாய்க்கு வந்தபடி ஏசுவாள் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் சிரித்த முகமாக உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"உஸ்தாத், நீங்க எழுதினதாலதான் அந்தச் சுவரு பொழச்சுதாமே. எங்க சப்ரிக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க."

"சப்ரி யாரும்மா?"

"எம் மவன். ஒம்போது வயசுல போயிட்டான், அங்கதான் படுத்திருக்கான். பெருசா ஒண்ணும் செஞ்சதில்ல உஸ்தாத். நல்லா விசிலடிப்பான்." கொஞ்சம் யோசித்தாள். "அது போதுமா?"

எழுதிக்கொண்டு வருகிறேன் என்று இந்த அறைக்குள் ஓடி வந்துவிட்டேன்.

5

முடிவு (அ): குழுவிடம் உண்மையைச் சொல்கிறேன். சாலைக் கோடு பழைய இடத்துக்குத் திரும்புகிறது. பெரியம்மாவைத் தோண்டுகிறார்கள். இஹ்சான் என் முகத்தில் விழிப்பதில்லை.

முடிவு (ஆ): சப்ரியை மேதையாக்குகிறேன். கோடு இன்னும் கொஞ்சம் வளைகிறது. அவனுக்கு அடுத்த முற்றத்தில் இருப்பது யாரென்று போய்ப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

முடிவு (இ): நான் ஒன்றுமே

தவ்ஹீதா என்று ஒருத்தி இல்லவே இல்லை என்பது இதுவரை எனக்கும் இஹ்சானுக்கும் மட்டும் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது. ஞாயிறன்று குழு மறுபடி கூடுகிறது. கூடத்தில் அத்திய்யாத் தேநீரைக்கூடத் தொடாமல் இருக்கிறாள். என் பேனா ஓடும் சத்தம் அவளுக்குக் கேட்கிறது. மகனைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"முடிஞ்சுதா உஸ்தாத்?"

நீங்கள் போய்ச் சொல்லுங்கள்.