குறி எந்தப் பக்கம்

ஏணி உச்சியிலிருந்து பெயர்ப்பலகை எழுதும் டெரிக் குரல் கொடுத்தான். "பெரில், கடைசியா கேக்குறேன். குறியை எஸ்ஸுக்கு முன்னால போட்டா சிஸ்டர் ஒருத்தி. பின்னால போட்டா ரெண்டு பேரு. காஞ்சப்புறம் என்னைத் திட்டப்படாது."

"ஒருத்தின்னுதானே சொன்னேன். போடு."

ஸ்கிப்டன் கடைத்தெருவில் வாயால் சொல்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான், சிஸ்டர்ஸ் சலூன். பலகையில்தான் வித்தியாசம். ஆங்கிலத்தில் 'உடைய' என்று காட்டும் அந்தக் குட்டி அபாஸ்ட்ரஃபி குறியை ஓர் எழுத்து முன்னால் தள்ளினால் ஐலீன் இல்லாமல் போய்விடுவாள். தலை நரைத்தபிறகு ஒரு பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டு மோர்கம் கடற்கரைக்குக் குடிபோகிற தங்கைக்கு இங்கே பங்கு எதற்கு? சனிக்கிழமை கல்யாணம். அதற்கு முன்பே அவள் இதைப் பார்த்துவிட வேண்டும் என்று பெரிலுக்கு இருந்தது.

பார்த்துவிட்டாள். தன் கத்தரிக்கோல்களை எடுத்துப்போக வந்த ஐலீன், அண்ணாந்து, பலகையில் எஸ்ஸுக்கு முன்னால் டெரிக் சாக்பீஸால் குறித்திருந்த இடத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"என்னை அழிக்க இவ்வளவு அவசரமா?"

"நீதானே போற. நானா போகச் சொன்னேன்?"

"மோர்கம் என்ன நிலாவிலயா இருக்கு? ரயிலேறி வந்தா ஆச்சு."

"வருவே, வருவே. கிறிஸ்துமஸுக்குக் கேக்கோட. விருந்தாளி மாதிரி."

ஐலீன் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அலறல் வந்தது. "அடியே பொண்ணுங்களா! என் தலை எரியுது! சண்டையை அப்புறம் வச்சுக்குங்க!"

சுருள்முடி மருந்து தடவி உட்காரவைத்த மிஸஸ் விக்கர்ஸை பெரில் அடியோடு மறந்திருந்தாள். இருவரும் ஓடினார்கள். பெரில் கிழவியின் கழுத்தைத் தாங்கித் தொட்டியில் சாய்த்தாள். ஐலீன் கோட்டைக்கூடக் கழற்றாமல் குழாயைத் திறந்தாள். ஒருத்தி கை நீட்டிய இடத்தில் மற்றவளின் துண்டு இருந்தது.

"முடி மிஞ்சுமா?" என்றாள் மிஸஸ் விக்கர்ஸ்.

"உங்க வாய் மிஞ்சியிருக்கே, அது போதும்," என்றாள் ஐலீன். பெரிலுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கினாள். அடக்கியது கண்ணில் வந்து நின்றது. அடுத்த வாரம் இந்தக் கழுத்தைத் தாங்கிக்கொண்டே குழாயையும் அவளே திறக்க வேண்டும்.

"போட்டுடவா? பெயின்ட் இறுகுது!" சண்டையைக் கேட்டுத் தூரிகையை நிறுத்தியிருந்த டெரிக் வெளியே கத்தினான்.

ஐலீன் நிமிரவில்லை. "உன்னைத்தான் கேக்குறான்."

"அவன் கொஞ்சம் பொறுக்கட்டும். தண்ணி ரொம்ப சூடா இருக்கா பாரு," என்றாள் பெரில்.

ஐலீன் கைக்குழாயைத் தன் மணிக்கட்டில் பிடித்துப் பார்த்தாள். பிறகு மெல்லத் திருப்பி, அக்காவின் மணிக்கட்டிலும் ஓடவிட்டாள்.