நாலு முடிச்சு

நோஹேயாவுக்கு அன்று தொட்டதெல்லாம் எரிச்சல். ஹீலோ ஊர் அருங்காட்சியகத்தில் குடும்பத்தோடு கைவேலை செய்கிற சாயங்காலம் என்று வந்தால், வண்டி நிறுத்த இடமில்லை, உட்கார நாற்காலியில்லை. குழந்தைகள் கட்டைகளால் மரப்பட்டையைத் தட்டித் துணியாக்குகிறோம் என்று அவள் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தார்கள்.

தங்கை வைலானா ஏழு மாதக் கர்ப்பிணி. விடிந்தால் புருஷனோடு லாஸ் வேகாஸுக்குக் குடிபோகிறாள். "போறவ போய்த் தொலை" என்று நோஹேயா சொன்ன நாளிலிருந்து மூன்று மாதமாகப் பேச்சில்லை. இன்று ஏழு மணிக்கு அவள் மாமியாரோடு இங்கே வருகிறாளாம். அதற்குள் ஒரு மாலை திரித்து அவள் கழுத்தில் போட்டுச் சமாதானமாகிவிட வேண்டும். வீட்டிலேயே திரித்திருக்கலாம்தான். இரண்டு வாரமாகத் தள்ளிப்போட்டது யார் குற்றம்?

"நல்ல இலையெல்லாம் தீர்ந்துபோச்சு ஆன்ட்டி," என்றான் இலை கொடுக்கிற மேசைக்காரன், மாலை திரிக்கிற நீளமான கீ இலைகளில் கிழிந்தவற்றை நீட்டி.

"ஆறு மணிக்கே தீர்ந்துபோச்சா? நல்லா நடத்துறீங்கப்பா!"

இலையைக் கால் கட்டைவிரலில் மாட்டித் திரிக்க உட்கார்ந்தாள். மறுமுனையைப் பிடிக்க வேண்டிய கணவன் கைமி, ஸ்பாம் என்கிற டின் இறைச்சி வைத்த சோற்றுக்கட்டியைத் தின்றுகொண்டிருந்தான்.

"பிடின்னா பிடிக்கணும்! தின்னுக்கிட்டே பிடிச்சா?"

"பிடிச்சுக்கிட்டுதானே இருக்கேன்..."

திரி பிரிந்தது. மறுபடி திரித்தாள், மறுபடி பிரிந்தது. மூன்றாம் தடவை திரித்து முடித்ததும், வந்த ஆத்திரத்தில் மாலையின் இரு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து, இனி பிரி பார்ப்போம் என்று பல்லைக் கடித்து நாலு முடிச்சுப் போட்டாள்.

அப்போதே வைலானா வந்துவிட்டாள். நோஹேயா மாலையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். தங்கை முகம் மலர்ந்து தலையைக் குனிந்தவள், சட்டென்று பின்வாங்கி வயிற்றில் கைவைத்தாள்.

"அக்கா, இது மூடியிருக்கு."

நோஹேயாவுக்கு உயிரே போய்விட்டது. கர்ப்பிணிக்கு முனை திறந்த மாலைதான் போடுவார்கள். வளையமாகக் கட்டிப் போட்டால் பிள்ளையின் கழுத்தில் கொடி சுற்றும் என்று பயம். போன வருஷம் வைலானாவின் பிள்ளை கொடி சுற்றித்தான் போனது. அன்று ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நோஹேயா.

"வேணும்னே செஞ்சியா?"

"ஐயோ, இல்லடி! கோவத்துல கட்டிட்டேன். இரு, இரு..."

நகம் நுழையவில்லை. குழந்தைகளின் மேசையிலிருந்து அவள் பிடுங்கிய கத்தரிக்கோல் இலையை மென்றதே தவிர வெட்டவில்லை. பாழாய்ப்போன கத்தரிக்கோலை எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து பல்லால் கடித்தாள்.

"பல்லு போயிரும்டி," என்றான் கைமி.

"வாயை மூடு!"

"நேரமாச்சு, வைலானா," என்றாள் மாமியார்.

ஒருவழியாக இலை அறுந்தது. முனை இரண்டும் நார்நாராகத் தொங்கின. நோஹேயா அதை நீட்டினாள். அழுகை வந்துவிட்டது.

வைலானா முனைகளைத் தனித்தனியாகத் தடவிப் பார்த்தாள்.

"கழுத்துல வேண்டாம்க்கா, எனக்குப் பயமா இருக்கு. கையில குடு." மாலையைச் சுருட்டாமல் நீளமாகவே ஒரு பக்கத் தோளில் போட்டுக்கொண்டாள். "காஞ்சாலும் வெச்சிருப்பேன். பிள்ளை பொறக்கறப்போ நீ வந்து கையைப் பிடிச்சுக்கோ. அப்புறமா இதை என் கழுத்துல நீயே போட்டு விடு."