கூரையே இல்லை

ஜூலை பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி இருபது நிமிடத்துக்கு, இரவெல்லாம் பெய்த மழை தூறலாக இளைத்திருந்த வேளையில், அரசு உயர்நிலைப் பள்ளியின் கூரை இல்லாமல் போயிற்று. இடிந்து விழவில்லை, காற்றில் பறக்கவுமில்லை. பத்தாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்த மொழியாசிரியை, ‘உள்ளேன்’ என்னும் குரல்கள் வழக்கத்தைவிட மெலிந்து ஒலிப்பதைக் கவனித்துத் தலை நிமிர்ந்தார். மின்விசிறி தொங்கிய இடத்தில் சாம்பல் நிற மேகம் ஒன்று நின்றிருந்தது. பதிவேட்டில் விட்ட இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, மீதிப் பெயர்களையும் படித்து முடித்தார்.

காரணம் இடைவேளைக்குள் தெரிந்துவிட்டது. பள்ளியைத் தொடர்வதா, பாலத்துக்கு அப்பாலிருக்கும் பெரிய பள்ளியோடு இணைப்பதா என்று முடிவெடுக்க, கல்வி அலுவலகம் அம்மாதத் தொடக்கத்தில் தாழ்வாரத்தில் ஒரு கருத்துப் பலகையை மாட்டியிருந்தது. பெற்றோரும் மாணவரும் எதையும் எழுதலாம். எழுதியவரைத் தவிர வேறெவரும் அழிக்கக்கூடாது. கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று ஒரு தந்தை எழுதியிருந்தார். ஆய்வகத்தில் ஒரே குடுவை, அதிலும் விரிசல் என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். இந்தப் பள்ளியில் சரியாக நடப்பது கடைசி மணி மட்டுமே என்று கையெழுத்தை மாற்றி எவனோ எழுதியிருந்தான். இவற்றுக்கு நடுவே, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய், தையற்கடைக்காரி, அன்று காலை மகளை விட்டுவிட்டுத் திரும்பும்போது, பாவம், நல்ல வார்த்தை ஒன்றாவது இருக்கட்டுமே என்று சுண்ணக்கட்டியை எடுத்தார். ‘இந்தப் பள்ளியில் குறையே இல்லை’ என்று எழுத நினைத்தார். குறிலை நெடிலாக்கி, வல்லின றகரத்தை இடையின ரகரமாக்கி, ‘இந்தப் பள்ளியில் கூரையே இல்லை’ என்று எழுதிவிட்டுக் கடையைத் திறக்கப் போய்விட்டார்.

அதுவரை பலகைக்கு இப்படியொரு ஆற்றல் இருப்பது எவருக்கும் தெரியவில்லை. மற்றக் கருத்துகள் எல்லாம் ஏற்கெனவே உண்மையாக இருந்ததால் அதற்கு வேலை வாய்க்கவில்லை. தெரிந்த பிறகு பலர் முயன்றார்கள். ஒன்பதாம் வகுப்பார் கூடித் ‘தேர்வே கிடையாது’ என்று எழுதினார்கள், தேர்வு நடந்தது. தலைமையாசிரியர் ‘இது தலைசிறந்த பள்ளி’ என்று எழுதிவிட்டு இரண்டு நாள் காத்திருந்தார். குடுவையின் விரிசல்கூட மூடவில்லை. மனமார எழுதாததைப் பலகை பொருட்படுத்துவதில்லை என்ற முடிவுக்கு ஊர் வந்து சேர்ந்தது.

மழை பள்ளிக்குள் பெய்யவில்லை. சுவரின் உயரம்வரை வந்து, அங்கே கூரை இருப்பதாகப் பழக்கதோஷத்தில் நம்பி, விளிம்பு வழியாக வெளியே வடிந்தது. வெயிலும் அப்படியே பாதியைக் கழித்துக்கொண்டுதான் உள்ளே வந்தது. பாலத்துக்கு அப்பால் போவதாக இருந்த பிள்ளைகள் போவதை ஒத்திப்போட்டார்கள், பிறகு மறந்தார்கள். அந்த மழைக்காலமும் அடுத்து வந்த பனிக்காலமும் இவ்வாறே கழிந்தன.

மொழியாசிரியையை மாணவர்கள் புள்ளி டீச்சர் என்றார்கள். பிறர் விட்டுவிட்ட புள்ளிகளை மெய்யெழுத்துகளின் தலையில் வைப்பதிலேயே அவருடைய சிவப்பு மை தீர்ந்துகொண்டிருந்தது. பள்ளிக்கு எதிர்ச்சாரியில் ஓர் அறையில் தனியாகக் குடியிருந்தார். ஒரு நாற்காலி, ஒரு தட்டு, உட்புறம் மட்டும் தேய்ந்த ஒரு தாழ்ப்பாள். வேலைக்குச் சேர்ந்தார், தாய் இறந்தார், தங்கை கடல் கடந்து போனாள், தலை நரைத்தது. இருபத்தாறு ஆண்டுகள் இந்த வரிசையில் முடிந்திருந்தன. பலகை மாட்டிய நாள்முதல் தினமும் அதைக் கடைசி வரிவரை படித்துவந்தார். தம்மைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ எவரும் எழுதவில்லை. வரிகளிலிருந்த பிழைகளை மனத்துக்குள் திருத்திவிட்டு வீட்டுக்குப் போவார்.

கூரை போன அன்று மாலை, விளக்கேற்றும் நேரத்தில், அவருடைய அறைக்குள் பேச்சுக்குரல்கள் இறங்கின. இத்தனை ஆண்டுகளாகக் கூரையில் முட்டி வகுப்புக்குள்ளேயே விழுந்துகொண்டிருந்த பேச்சு, தடையில்லாமல் மேலே போய், பகல் முழுவதும் சுற்றிவிட்டு, பொழுது சாயும்போது அக்கம்பக்கத்து வீடுகளில் தணிந்தது. தெருவார் இதைப் பற்றிப் புகார் செய்யவில்லை; சிலர் பெருக்கல் வாய்பாட்டை மறுபடியும் கற்றுக்கொண்டார்கள். ஆசிரியையின் அறைக்குக் கடைசி வரிசையின் பேச்சு வந்தது.

“புள்ளி டீச்சர் வீட்ல வேற யாருமே இல்லையாம்டி.”

“அப்போ யார்கிட்டடி பேசுவாங்க?”

“யார் தப்பா எழுதுறாங்களோ அவங்ககிட்ட.”

“அப்படின்னா நீதான் அவங்களுக்குச் சொந்தக்காரி, போ!”

ஆசிரியை தட்டின்முன் அமர்ந்தபடி அதைக் கேட்டார். அந்த அறையில் அவர் குரலல்லாத குரலொன்று சிரித்து வெகுகாலமாகியிருந்தது. மறுநாளிலிருந்து ஆறு மணிக்கு முன்பே சமையலை முடித்துக்கொண்டு, நாற்காலியைச் சன்னலருகே நகர்த்திவைத்தார்.

பிப்ரவரியில் கல்வி அலுவலர் நேரில் வந்தார். “என்ன சார் இது, அண்ணாந்து பார்த்தா வானம் தெரியுது?” என்றார். “ஆமாங்க, வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை” என்றார் தலைமையாசிரியர். அலுவலர் சிரிக்கவில்லை. பலகையைப் படித்துவிட்டு அவர் வகுத்த விதி தெளிவானது: அந்த வாக்கியம் பிழையென்றால் நேர்ந்தது சேதம், சேதமான கட்டடத்தில் வகுப்பு நடத்தலாகாது, பள்ளி பாலத்துக்கு அப்பால் இணைக்கப்படும். பிழையில்லையென்றால் அது பெற்றோர் கருத்து, பள்ளி தொடரும். பிழையா இல்லையா என்று மொழியாசிரியை ஒரு வாரத்துக்குள் கையொப்பமிட்டுச் சொல்ல வேண்டும்.

தாம் அறிந்து ஒரு பிழையையும் விட்டதில்லை என்பதைத் தவிர அவருக்குச் சொல்லிக்கொள்ளச் சொத்து எதுவும் இல்லை. அந்த வாரம் அவர் மாலைகளில் சன்னலைச் சாத்திவைத்தார். கேட்டால் தீர்ப்பு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று அஞ்சினார்.

கெடு முடியும் நாளன்று தையற்கடைக்காரி மகளோடு வந்து பலகைமுன் நின்றார். கழுத்தில் அளவுநாடா தொங்கியது.

“டீச்சர், நான் நல்லதுதான் எழுத நினைச்சேன். என் கை பண்ண கூத்து. இப்பவே அழிச்சிட்டுச் சரியா எழுதிடறேன், கூரை வந்துடும்ல?”

“மனமார எழுதினா வரும்” என்றார் ஆசிரியை.

தையற்கடைக்காரி சுண்ணக்கட்டியை உயர்த்தினார், அப்படியே நின்றார். “அது எப்படி டீச்சர்? தலைக்கு மேல கூரையில்லாம நிக்குது, குறையே இல்லைன்னு எப்படி எழுதறது?”

“கூரை இல்லாதது ஒரு குறையாம்மா?” என்றாள் மகள். “நீ வேணா எழுது. அப்புறம் டீச்சர் வீட்டுக்கு எங்க சத்தம் போகாது.”

ஆசிரியை திரும்பிப் பார்த்தார்.

“எங்களுக்குத் தெரியும் டீச்சர். அதுக்குத்தான் கடைசி வரிசையில சத்தமா பேசறோம். இந்த வாரம் ஏன் சன்னலைச் சாத்திட்டீங்க?”

ஆசிரியை பலகையருகே சென்று அந்த வரியை எழுத்தெழுத்தாகப் படித்தார். எழுவாயும் பயனிலையும் இயைந்திருந்தன. ‘இந்தப்’ என்பதில் ஒற்று விடுபடவில்லை, புள்ளியும் இருந்தது. எழுதிய கணத்தில் அது பிழை. அடுத்த கணத்திலிருந்து அது உண்மை. சான்று கேட்கப்பட்டிருப்பது பலகையில் நிற்கும் வாக்கியத்துக்கேயன்றி, எழுதியவர் எண்ணியதற்கு அன்று. தமக்கு வேண்டியிருப்பதால் ஒன்று சரியாகிவிடாது என்பதை அவர் அறிவார். தமக்கு வேண்டியிருப்பதாலேயே அது தவறாகியும் விடாது என்பதை அன்றுதான் அறிந்தார்.

“சுண்ணக்கட்டியைக் கீழே வைங்கம்மா” என்றார்.

அலுவலர் தலைமையாசிரியர் அறையில் காத்திருந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஆசிரியை நின்றபடியே, ‘வாக்கியத்தில் பிழை இல்லை’ என்று எழுதி, ஒவ்வொரு மெய்யின்மீதும் புள்ளி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து, கையொப்பமிட்டு நீட்டினார். அலுவலர் வாங்கிக்கொண்டார். மழை வலுத்து, சுவரின் விளிம்புவரை வந்து, வெளிப்புறமாக வடிந்தது. அறையிலிருந்த எவரும் குடையைத் தேடவில்லை.