கெஞ்சாமல் விற்பது எப்படி

வெள்ளிக்கிழமை கடைசி மணி என்றால் அந்த வகுப்பில் சந்தைக் கூச்சல்தான். டீச்சர் மேசைகளை இழுத்துப் போட்டு ஒவ்வொன்றையும் ஒரு கடையாக்கிவிடுவார். கம்பி உடைந்த குடை, ஜோடி தொலைந்த செருப்பு, மூடியில்லாத டப்பா என்று கையில் கொடுத்ததைப் பிள்ளைகள் பேசியே விற்றாக வேண்டும்.

பட்டாசுக்கு அன்று குடை கிடைத்தது. பேச்சு ஓயாத பத்து வயதுக்காரிக்கு வகுப்பே சூட்டிய பெயர் அது. வாங்க வந்தவரோ கணக்கு வாத்தியார், சிரிப்பைப் பூட்டி வைத்திருப்பவர்.

"சார், மழைக்குப் பிடிக்க ஊர்ப்பட்ட குடை இருக்கு. நாங்க கத்தும்போது மேசையைத் தட்ட இதைவிட நல்ல கம்பு உங்களுக்குக் கிடைக்குமா?"

கேட்டுவிட்டு அவள் பேசாமல் நின்றாள். வாத்தியார் குபீரென்று சிரித்து, விளையாட்டுக் காகித நோட்டை நீட்டினார்.

"பார்த்தீங்களா?" என்றார் டீச்சர். "அவருக்கு என்ன வேணும்னு இவ யோசிச்சா. கெஞ்சல. கெஞ்சினா சரக்கு மட்டம்னு தோணிடும். கடைசியில ஒரு கேள்வி கேட்டா, வாயை மூடிக்கிட்டா. அவ்வளவுதான் வித்தை."

கைதட்டல் அடங்குவதற்குள் பட்டாசின் மனம் வீட்டுக்கு ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டை விட்டுப் போகிறார். வேறொருத்தியோடு குடித்தனம் வைக்கப் போகிறார் என்று பெரியவர்கள் குசுகுசுத்தது அவள் காதிலும் விழுந்திருந்தது. பிள்ளைகளுக்கு எது விளங்கப் போகிறது என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

ஞாயிறு காலை அப்பா பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். சோபா விற்கும் கடையில் அவர் விற்பனையாளர். பட்டாசு தலையைப் படிய வாரிக்கொண்டு அறை வாசலில் போய் நின்றாள்.

"வணக்கம் சார்."

"என்னடா, அப்பா எப்ப சாரானேன்?"

"இன்னிக்கு நீங்க கஸ்டமர். உங்களுக்கு இந்த வீட்டுல டிவி சத்தம் ஆகாது. இனிமே நான் போடவே மாட்டேன். சட்டைக்கு நானே இஸ்திரி போடுறேன், காலர் மட்டும் அம்மா. அப்புறம் அம்மாவோட சண்டை. அதுக்கு நான் நடுவுல உட்கார்ந்துக்கறேன்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

"எல்லாம் இங்கயே கிடைக்கும்போது வேற இடத்துக்கு எதுக்குப்பா போகணும்?"

வாயை மூடிக்கொண்டாள். அப்பா கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தார். கையில் ஒற்றைக் காலுறை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதானாடா? வேற ஒண்ணும் சொல்லணுமா?"

அழுகையைப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினாள்.

"நல்லா பேசினே. எங்க கடையில இப்படிப் பேச ஆளே இல்லை." நெற்றியில் முத்தமிட்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு போனார். படிதோறும் சக்கரம் இடிக்கும் சத்தம் கேட்டது.

அம்மா ஈரக் கையோடு ஓடி வந்தாள். "ஏண்டி, அழுது தொலைச்சிருக்கக் கூடாதா? உன் கண்ணுல தண்ணி வந்தா அந்த மனுஷன் தாங்க மாட்டாரே! காலைக் கட்டிக்கிட்டு, போகாதீங்கன்னு ஒரு வார்த்தை..."

"கெஞ்சினா சரக்கு மட்டம்னு தோணிடுமேம்மா."

அந்த வாரம் முழுக்க அம்மாவும் அவருடைய சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துக் கொடுத்தாளே தவிர, இருங்கள் என்று ஒரு தரம் சொல்லவில்லை.

"இப்போ கெஞ்சலாமாம்மா?"

"ஓடுடி!"

இருவரும் செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடினார்கள். தெருமுனையில் வாடகைக் கார் திரும்பிக்கொண்டிருந்தது. "போகாதீங்கப்பா! அப்பா, போகாதீங்கப்பா!" என்று பட்டாசு தொண்டை கிழியக் கத்தினாள். அம்மாவும் கத்தத்தான் வாயெடுத்தாள். "ஏங்க..." என்பதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் வரவில்லை.

கார் முனை திரும்பி மறைந்துவிட்டது.