வெங்கடம்மாள் வீட்டு நீலத் தீ

“அம்மா, வெங்கடம்மா பெரியம்மாவோட அடுப்பு மட்டும் ஏன் அவங்கள அழ வைக்கறதில்ல?”

எண்பத்தாறாம் வருட மழையில், பாகலூரில், ஐந்து வயது காவேரி கேட்ட கேள்வி இது. ஈர விறகை ஊதிக் கண் சிவந்திருந்த சரசம்மாவுக்கு அது முள்ளாகத் தைத்தது.

எதிரே வெங்கடம்மாள் வீட்டில் கோபர் காஸ், அதாவது சாண எரிவாயு, போட்டிருந்தார்கள். தினமும் ஐந்து மாட்டுச் சாணியைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றுவது சரசம்மாவின் வேலை. அவள் கரைத்தது அங்கே நீலத் தீயாக எரிந்தது. அவள் வீட்டிலோ புகை. விறகு பற்றாத நாட்களில் வெங்கடம்மாள் காவேரிக்குப் பால் காய்ச்சிக் கொண்டுவந்து தருவாள். அந்தச் சூடும் சரசம்மாவைச் சுட்டது.

ஒரு காலை, கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் கணவன் கங்கப்பன் கொண்டுவந்த பினாயிலை முழுவதும் கரைசலில் கலந்து ஊற்றிவிட்டாள். ஒரு நாளாவது அந்த அடுப்பு அணையட்டும்.

நான்காம் நாள் அணைந்தது. மெக்கானிக் வந்து முகர்ந்தார்.

“மருந்து எதோ உள்ள போயிருக்குதும்மா. கிருமிங்க செத்துப்போச்சு.”

“கிருமி செத்தா நல்லதுதானேங்க?” என்றாள் வெங்கடம்மாள்.

“இதுங்கதாம்மா சாணியத் தின்னு காஸ் விடுது. மிச்சம் வயலுக்குப் போயி மறுபடி புல்லாகுது. தொட்டில பாதிய அள்ளிட்டு, நல்லா ஓடுற வேற பிளான்ட்டோட கரைசல் ஊத்துங்க. உத்தனப்பள்ளில ஒண்ணு இருக்குது.”

சரசம்மா தலைகுனிந்தாள். ஓர் இயந்திரத்தைத்தான் நிறுத்தினோம் என்று நினைத்திருந்தாள்; செத்ததோ உயிர்கள்.

“தொழுவம் கழுவுன தண்ணியா இருக்கும், விடு சரசு. கிருஷ்ணகிரில மக பிரசவம் முடியட்டும், பாத்துக்கலாம்,” என்றாள் வெங்கடம்மாள்.

மறுநாளும் பால் வந்தது. கொண்டுவந்தவளின் கண்கள் புகையில் சிவந்திருந்தன.

மாடுகளையும் சாவியையும் சரசம்மாவிடம் விட்டு அவர்கள் கிருஷ்ணகிரிக்குப் போனார்கள். அவள் தொட்டியைப் பாதி அள்ளினாள். மூடிபோட்ட இரண்டு கேன்களோடு உத்தனப்பள்ளிக்குப் பஸ் ஏறினாள்.

“என்னக்கா, மோரா? ஒரு டம்ளர் ஊத்தேன்,” என்றார் திரும்பும் வழியில் கண்டக்டர்.

“குடிச்சா நீயும் பத்திக்குவண்ணா.”

பஸ்ஸே சிரித்தது. அவளால் முடியவில்லை.

ஆறு முறை போய்வந்தாள். தினமும் கொஞ்சமாகச் சாணி கரைத்து ஊட்டினாள், நோயாளிக்குக் கஞ்சி ஊட்டுவதுபோல. பதினெட்டாம் நாள் காலையில் தீக்குச்சி கிழித்தாள். நீலமாகப் பற்றியது. சாமியை நினைத்துக் கும்பிட்டாள்.

பொறாமை முழுவதும் போய்விடவில்லை. அந்தத் தீ இன்னும் அழகாகத்தான் இருந்தது. அதில் ஒரு சொம்புத் தண்ணீர்கூட அவள் வைக்கவில்லை. காஸ் குழாயை மூடி, அடுப்பைத் துடைத்து, கதவைப் பூட்டிவிட்டு, தன் ஈர விறகை ஊதப் போனாள்.