தொட்டி மூடியிருந்தது

"இத எங்கியாவது ஓரமா வைங்கப்பா, பெட்டிய தூக்கறப்ப கால்ல இடறும்" என்று சொல்லிக்கொண்டே சுந்தரராஜ் சித்தப்பா அந்தக் கண்ணாடித் தொட்டியை இரண்டு கையாலும் தூக்கிவிட்டார். தண்ணீர் தளும்பி அவருடைய வெள்ளைச் சட்டையை நனைத்தது.

"வைங்க சித்தப்பா! அத தொடாதீங்க!"

கரோலின் போட்ட சத்தத்தில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். நேற்றிலிருந்து வாய்விட்டு அழாதவள் ஒரு மீனுக்காகக் கத்துகிறாளே என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும். தோன்றட்டும்.

சித்தப்பா தொட்டியைப் பழையபடி ஸ்டூலில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "இதுக்கா இந்த கத்து கத்தற? செத்துட்டு கீதும்மா இது. அசையவே இல்ல பாரு."

"சாவல. தூங்குது."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தை அவளைச் சுட்டது. நேற்று காலை முழுவதும் அம்மாவும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தங்கச் சுரங்கத்து ஆட்களுக்காகக் கட்டிய ஊரிகத்து லைன் வீடுகளில் முன்னறை எத்தனை பெரிதாக இருந்துவிடும்? அப்பாவின் கட்டிலை வெளியே போட்டும், ஃப்ரீசர் பாக்ஸ் வைத்த பிறகு ஆள் நடக்க இடமில்லை. கண்ணாடி மூடிக்குள் அப்பா ஜெயகரன் கறுப்புக் கோட்டில் படுத்திருந்தார். வருஷக்கணக்காக மல்லாந்து படுக்க முடியாமல் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே தூங்கிய மனிதர். சுரங்கத்துக் கல்தூசி நெஞ்சில் ஏறியிருந்தது. இப்போதுதான் நேராகப் படுத்திருக்கிறார். பாக்ஸின் மோட்டார் உறுமிக்கொண்டே இருந்தது. பக்கத்து ஸ்டூலில் அவருடைய ஃபைட்டர் மீன், பிளாஸ்டிக் இலை மேல் ஒருக்களித்துக் கிடந்தது.

போன கிறிஸ்துமஸுக்குச் சிவாஜிநகரிலிருந்து கரோலின்தான் அதை வாங்கி வந்தாள். சாயங்கால ரயிலின் நெரிசலில் தண்ணீர்ப் பையை மடியில் வைத்து, குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வந்தாள். தினமும் அவள் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டால், அம்மாவும் அடுப்படியில் இருந்துவிட்டால், அப்பாவுக்குப் பேச்சுத் துணை கிடையாது. "எனக்கு இன்னாத்துக்குடி இது? இதுக்கு ஒரு கிலோ கறி வாங்கியாந்திருக்கலாம்" என்றார். மறுநாள் காலையில் பார்த்தால் மனிதர் தொட்டியை விட்டு நகரவில்லை.

முதல் வாரத்தில் அது ஒரு மாதிரியாகப் படுத்தே கிடந்தது. கரோலின் பயந்துபோய் போனில் தேடினாள். நோயாகவும் இருக்கலாம், வெறும் ஓய்வாகவும் இருக்கலாம், தண்ணீர் குளிர்ந்தாலும் இப்படி மந்தமாகக் கிடக்கும் என்று போட்டிருந்தது. "நல்லா சொன்னான் போ" என்று அப்பா சிரித்தார். சிரித்தால் இருமல் வரும். வந்தது. இருமி முடித்து, "சாப்புடுது. அப்பப்ப மேல வந்து காத்து குடிக்குது. கண்ணாடிய காட்டுனா ஷிஃப்ட் பாஸ் கணக்கா சிலுப்பிக்கினு சண்டைக்கு வருது. அப்புறம் இன்னா நோவு? இப்ப அதுக்கு ரெஸ்ட்டு, அவ்ளோதான்" என்றார். குளிருக்கு மட்டும் ஒரு வழி செய்தார். ராத்திரி படுக்கும்போது தன் மஃப்ளரைத் தொட்டியைச் சுற்றிப் போர்த்துவார். காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாக அதை அவிழ்த்துத் தன் கழுத்தில் சுற்றிக்கொள்வார். ராத்திரி அதுக்கு, பகலில் எனக்கு என்பார்.

அது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். "கேஜ்ல ஏறி வந்து ஒரு வாய் காத்து, திரும்ப லெவலுக்கு போயிடுது. குடுத்து வச்சது" என்று ஒரு முறை சொன்னார், சுரங்கத்துக்குள் ஆளை ஏற்றி இறக்கும் கூண்டை நினைத்துக்கொண்டு. அன்றைக்கு அவருக்கு மூச்சு ரொம்பவும் வாங்கியிருந்தது.

இந்த லைன் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பகலில் தூங்கும் ஆம்பளையை எழுப்பக்கூடாது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்தவன், அவனே எழுந்தால்தான் உண்டு. பாத்திரத்தைக்கூட வாசலில் போட்டுத்தான் கழுவுவார்கள். பிள்ளைகள் கத்தினால் முதுகில் ஒன்று விழும். சுரங்கத்தை மூடி ஒரு தலைமுறை போய்விட்டது. ஆனால் அம்மா, பாக்கியவதி, அந்த வழக்கத்தை மூடவில்லை. அப்பா எப்போது கண் அசந்தாலும் அவள் நடை மெதுவாகிவிடும்.

நேற்று பத்து மணி வாக்கில் கரோலின் ஆபீஸிலிருந்து போன் செய்தாள். "இன்னும் தூங்கறாருடி" என்றாள் அம்மா, குரலைத் தாழ்த்தி. "தூங்கட்டும் விடு. ராத்திரியெல்லாம் ஒரே இருமல்" என்றாள் இவளும். மத்தியானம் அம்மா ரசம் வைத்து எடுத்துக்கொண்டு போய்த் தோளைத் தொட்டபோது உடம்பு சில்லிட்டிருந்தது. வந்து பார்த்த டாக்டர், உயிர் போய் ரொம்ப நேரம் ஆகிறது என்று மட்டும் சொன்னார். எந்த நேரம் என்று அவரும் சொல்லவில்லை.

சும்மா இருந்திருக்கலாம் பக்கத்து வீட்டு ரத்தினம்மா. நல்ல மனுஷிதான். நேற்றிலிருந்து காபி போட்டு மாளவில்லை அவளுக்கு. ஆனால் வாய் இருக்கிறதே. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் முன்னாடி எழுப்பியிருந்தா ஆஸ்பத்திரிக்கி தூக்கினு போயிருக்கலாம். பொழச்சிருப்பாரோ இன்னாவோ" என்று அழுதாள். அதோடு அம்மாவின் அழுகை நின்றது. நின்றதுதான் கரோலினுக்குப் பயமாக இருந்தது. அதன் பிறகு அம்மா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மீன் இன்னும் அசையவில்லை. கரோலின் குனிந்து, விரல் நுனியால் கண்ணாடியைத் தட்டினாள். இலையிலிருந்து மெல்ல எழும்பி, மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுத் திரும்ப இறங்கியது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

நேற்று காலையும் அவள் இப்படித்தான் தட்டினாள்.

முதல் ரயிலைப் பிடிக்கிற அவசரம். அப்பா விழித்துக்கொள்வார் என்று லைட்டைப் போடவில்லை. போன் வெளிச்சத்தைத் தொட்டியில் காட்டினாள். மீன் படுத்திருந்தது. கண்ணாடியைத் தட்டினாள். எழுந்தது. சரி, நன்றாகத்தான் இருக்கிறது என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வெளிச்சத்தைக் கட்டில் பக்கம் திருப்பவில்லை. அப்பாவின் கண் கூசும் என்று.

அப்போது தொட்டியில் மஃப்ளர் இல்லை.

அவள் நிமிர்ந்து ஃப்ரீசர் பாக்ஸின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மஃப்ளர் இருந்திருந்தால் மீன் எப்படித் தெரிந்திருக்கும்? அப்படியானால் அப்பா எழுந்திருக்கிறார். அவிழ்த்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டு மறுபடி சாய்ந்திருக்கிறார். அவள் மீனுக்கு வெளிச்சம் காட்டியபோது அவருக்கு உயிர் இருந்திருக்கிறது. ஒருவேளை மூச்சு முட்டி, பேச முடியாமல், அவளையே பார்த்துக்கொண்டிருந்தாரோ? மீனைத் தட்டிப் பார்த்தவள் அப்பாவைத் தொட்டுப் பார்க்கவில்லையே. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"கரோலி."

அம்மா பாக்ஸுக்கு அந்தப் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்தாள். போதகர் வந்துவிட்டார் என்று வாசலில் பரபரப்பு. எல்லாரும் எழுந்து வெளியே போனார்கள். அறையில் இவர்கள் இருவரும்தான் இருந்தார்கள்.

"நீ காலையில போறப்ப அவருக்கு உசுரு இருந்துச்சா?"

கரோலின் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். காலையில் உயிர் இருந்தது என்று சொன்னால் மத்தியானம் வரைக்குமான நேரம் முழுவதும் இந்தப் பொம்பளையின் தலையில் விழும். சாகிறவரை சுமப்பாள்.

"இல்லமா" என்றாள். "தொட்டி மூடியே இருந்துச்சு. நான் போன் லைட்ல பாத்தேன். அவர் எழுந்துக்கவே இல்லமா. ராத்திரியே தூக்கத்துல போயிட்டாரு. நீ எப்ப எழுப்பியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது."

"மூடியே இருந்துச்சா?"

"மூடியேதான் இருந்துச்சு. நாந்தான் கவனிக்காம போயிட்டேன்."

அம்மாவின் பார்வை உள்ளறைப் பக்கம் போய் வந்தது. ஏதோ கேட்க வாய் திறந்து, பிறகு தலையை மட்டும் ஆட்டினாள். "சரி. கொஞ்சம் தண்ணி குடு" என்றாள். கரோலின் ஓடிப்போய்க் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்து முடித்தாள்.

ஜெபம் முடிந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைக்குப் போனார்கள். மண் போட்டார்கள். சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டின் சாம்பல் நிறத்துக்குப் பின்னால் வெயில் இறங்கும்போது வீடு திரும்பினார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றார்கள். ஃப்ரீசர் பாக்ஸை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனதும் முன்னறை திடீரென்று பெரிதாகிவிட்டது. சித்தப்பா கட்டிலைப் பழைய இடத்தில் போட்டுவிட்டுப் போனார். குளிர் ஏறத் தொடங்கியது.

"மீனுக்கு தீனி போட்டியா?" என்றாள் அம்மா.

"இல்லமா."

கரோலின் தீனி டப்பாவைத் திறந்து போட்டாள். மீன் மேலே வந்து ஒன்றை விழுங்கியது. இன்னொன்றைத் துப்பிவிட்டு மறுபடி விழுங்கியது. அம்மா எழுந்து உள்ளறைக்குப் போனாள். தலையணையைப் புரட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் அப்பாவின் மஃப்ளர் இருந்தது.

கரோலின் டப்பாவை மூடாமல் நின்றாள்.

"கழுத்துல சுத்தியிருந்தாரு" என்றாள் அம்மா. "நேத்து மத்தியானம் நாந்தான் அவுத்து வச்சேன்."

தொட்டியைச் சுற்றி மஃப்ளரைப் போர்த்தினாள். மேல்பக்கம் காற்றுக்குக் கொஞ்சம் இடம் விட்டு, முனையை உள்ளே செருகினாள்.

"சாப்புட வா" என்றாள். "காலையில அவுக்க மறந்துடாத."