பதினோரு மணிக்கு வந்த பாக்கெட்

எங்கள் வீட்டில் நாலு மாதமாக இரண்டு பழைய லேப்டாப்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தன. ஒன்று கூடத்தில், டிவி ஸ்டாண்டின் மேல். மற்றது சமையலறையில், மிக்சிக்குப் பக்கத்தில். நடுவில் ஒரு நீல வயர். அந்த வயரில் கால் தடுக்கி இரண்டு முறை விழுந்தேன். இரண்டு முறையும் என் மனைவி வளர்மதி பதறி ஓடிவந்து வயரைத்தான் பார்த்தாள்.

அவள் சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்வதற்கான ஏற்பாடு எல்லா மெஷினிலும் ஏற்கெனவே இருக்கிறதாம். அதைத் தொடாமல், அடியிலிருந்து எல்லாவற்றையும் தானே கட்டுகிறாள். இருக்கிறதை விட்டுவிட்டு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்டேன்.

"கட்டிப் பாத்தாத்தான் மாமா உள்ள என்னா நடக்குதுன்னு புரியும்" என்றாள்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டேன். நான் பத்தாவதில் கோட்டை விட்டவன். விருத்தாசலம் செராமிக் பேட்டையில், ஃபியூஸ் கட்டை செய்யும் ஒரு யூனிட்டில் சூளை பார்க்கிறேன். அவள் பி.இ. தாய்மாமன் மகள் என்பதால் எனக்கு வாய்த்தாள். இல்லாவிட்டால் இவளை நான் பஸ் ஸ்டாண்டில் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் மகள் இனியா பிறக்கும்வரை பாலிடெக்னிக் ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். பிள்ளைக்காக வேலையை விட்டாள். பிள்ளை ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்ததும் மறுபடி வேலை தேடினாள். ஆறு வருஷம் என்ன செய்தீர்கள் என்று எல்லா இடத்திலும் ஒரே கேள்வி. பிள்ளை வளர்த்தேன் என்றால் அதற்கு மேல் யாரும் பேசுவதில்லை. எனக்கு வருகிற கோபத்துக்கு அந்தக் கம்பெனிக்காரர்கள் ஒவ்வொருவனிடமும் ஒரு கைக்குழந்தையைக் கொடுத்து ஒரு வாரம் வைத்துக்கொள் என்று சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு கம்பெனி மட்டும் வேறு மாதிரி எழுதியது. இடைவெளி எங்களுக்குப் பொருட்டில்லை, வேலையைக் காட்டுங்கள். நீங்களே அடியிலிருந்து கட்டிய புரோகிராம், எங்கள் மெஷினோடு பேச வேண்டும். சனிக்கிழமை பதினொன்று முதல் பன்னிரண்டு வரை எங்கள் மெஷின் உங்களைக் கூப்பிடும். நீங்கள் பதில் சொல்லி, அது அனுப்பும் ஃபைலை முழுசாக வாங்கித் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் எதை வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம். முடியாவிட்டால் அடுத்த முயற்சி ஒரு வருஷம் கழித்து.

வீட்டிலிருந்தபடியே பார்க்கிற வேலை. அவளுக்கு முப்பத்துமூன்று வயது. இதுவும் போனால் இனிமேல் எவனிடமும் போய் நிற்க மாட்டேன் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

நாலு மாதமும் நான் பார்த்தது இதுதான். விடியற்காலையில் எழுந்து சோறு வடித்துவிட்டு உட்காருவாள். கூடத்து லேப்டாப் ஒரு பாக்கெட் அனுப்பும், பொட்டலம் கட்டின செய்தி மாதிரி. சமையலறை லேப்டாப் வாங்காது. இவள் தலையில் கை வைத்துக்கொள்வாள். என்ன ஆச்சு என்று கேட்டால், "தெரிஞ்சா சொல்ல மாட்டனா?" என்று சீறுவாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு சூளைக்குப் போய்விடுவேன். ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு முன்னால் நிற்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

நல்ல நாளில் தானாகவே சொல்லித் தருவாள். ஒவ்வொரு பாக்கெட்டிலும், உள்ளே இருப்பதையெல்லாம் கூட்டி ஒரு எண் எழுதி அனுப்புவார்களாம். அதற்குப் பெயர் செக்சம். வாங்குகிறவன் மறுபடி கூட்டிப் பார்ப்பான். எண் ஒத்துவராவிட்டால் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடுவான், அனுப்பினவனுக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்ல மாட்டான். "இது என்னா நியாயம்? ஒரு போன் பண்ணிச் சொல்லக் கூடாதா?" என்றேன். அன்றைக்கு அவள் வெகுநேரம் சிரித்தாள்.

சனிக்கிழமைக்கு மூன்று வாரம் இருக்கும்போது எல்லாம் சரியாகிவிட்டது. வெளியே எங்கோ இருக்கிற ஒரு மெஷினுக்கு "இருக்கிறாயா?" என்று கேட்டு அனுப்பினாள். "இருக்கிறேன்" என்று பதில் வந்தது. அப்புறம் இனியாவின் பிறந்தநாள் வீடியோவை கூடத்திலிருந்து சமையலறைக்கு அனுப்பினாள். நூறு தடவை, ஆயிரம் தடவை. நடுவில் வயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டச் சொன்னாள். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து போய்ச் சேர்ந்தது. ஒரு எழுத்து பிசகவில்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. வயரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வாயெடுத்தேன். ரெண்டு பக்கமும் உன்னோடதுதானே, வேற ஆளோடத வெச்சு ஃபைலு அனுப்பிப் பாத்தியா?

எங்கள் தொழிலில் அது குழந்தைகூடக் கேட்கிற கேள்வி. ஃபியூஸ் கட்டை இரண்டு துண்டு. சுவரில் திருகுகிற அடி ஒன்று, அதில் செருகுகிற பிடி ஒன்று. களிமண் சூளையில் வேகும்போது சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் அச்சைப் பெரிதாக வெட்டுவோம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் முதலாளி விருத்தகிரி மண் கலவையை மாற்றினார். துண்டுகள் ஒரு நூல் கூடுதலாகச் சுருங்கிவிட்டன. அடியும் சுருங்கியது, பிடியும் சுருங்கியது. எங்கள் பிடி எங்கள் அடியில் அழகாகப் போய் உட்கார்ந்தது. நாங்களும் தட்டிப் பார்த்து, செருகிப் பார்த்து, ஒரு லாரி நிறைய அனுப்பினோம். பிடியின் இரண்டு கால்களும் நெருங்கிப்போனதால், வாங்கினவர்கள் சுவரில் ஏற்கெனவே இருந்த அடியில் எங்கள் பிடி ஒன்றுகூட நுழையவில்லை. லாரி அப்படியே திரும்பி வந்தது. அன்றிலிருந்து எங்கள் யூனிட்டில் வேற்று யூனிட்டின் அடியில் செருகிப் பார்க்காமல் எதையும் பெட்டியில் அடுக்குவதில்லை.

ஆனால் நான் வளர்மதியிடம் கேட்கவில்லை. பி.இ. படித்தவளுக்கு, பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினவளுக்கு, சூளைக்காரன் போய் இதைச் சொல்வதா? கம்ப்யூட்டர் என்ன களிமண்ணா? அவள் முகத்தில் இத்தனை மாதம் கழித்து அன்றைக்குத்தான் வெளிச்சம் இருந்தது. நான் வயரை மாட்டினேன்.

சனிக்கிழமை லீவு போட்டேன். இனியாவைப் பெண்ணாடத்தில் மாமியார் வீட்டில் விட்டாகிவிட்டது. பதினோரு மணிக்குச் சரியாக முதல் பாக்கெட் வந்தது. சமையலறை லேப்டாப்பில் ஒரு வரி சிவப்பாக விழுந்தது. ஒரு நொடி கழித்து மறுபடி. இரண்டு நொடி கழித்து. நாலு நொடி, எட்டு நொடி. அந்தப் பக்கத்து மெஷின் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கிறது, இவள் புரோகிராம் ஒவ்வொன்றையும் செக்சம் தப்பு என்று தூக்கிப் போடுகிறது.

"வழியில எங்கியோ கெட்டுப்போய் வருது மாமா. நம்ம லைனு சரியில்ல" என்றாள்.

ரூட்டரை அணைத்துப் போட்டோம். அதே சிவப்பு. வயரை மாற்றினோம். அதே சிவப்பு. மணி பதினொன்று இருபது. அவள் பழைய வயரையே திரும்ப மாட்டினாள்.

"உங்க போன்லேருந்து நெட்டு எடுத்துப் பாக்கலாம். உள்ள சிக்னலு இல்ல. மாடிக்குப் போங்க. சன்னலுக்கு நேர் மேல நில்லுங்க. யார் கூப்புட்டாலும் எடுக்காதீங்க, நெட்டு கட்டாயிடும். அசையாதீங்க."

போய் நின்றேன். கைப்பிடிச் சுவரில் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு, சித்திரை வெயிலில், செருப்பில்லாமல். அவசரத்தில் மாட்ட மறந்திருந்தேன். கீழே சாவிகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லை என்றால் சிவப்புதான் என்று அர்த்தம்.

போனில் மணி பதினொன்று முப்பத்தைந்து. மூன்று வழியில் வந்தும் ஒரே மாதிரியா கெட்டுப்போகும்? லாரி திரும்பி வந்த அன்று முதலாளியும் இப்படித்தான், ஏற்றி இறக்கினதில் அடிபட்டிருக்கும் என்றார். வருகிற பாக்கெட் நல்ல பாக்கெட். இவள் கூட்டுகிற விதம்தான் தப்பு. இரண்டு பக்கமும் ஒரே தப்பு, அதனால் ஒத்துப்போயிருக்கிறது.

பன்னிரண்டு படி இறங்கினால் சொல்லிவிடலாம். இறங்கக்கூட வேண்டாம், குனிந்து ஒரு சத்தம் போட்டால் போதும். போடவில்லை. தப்பாக இருந்தால்? கடைசி இருபத்தைந்து நிமிஷத்தில் முட்டாள்தனமாக எதையோ உளறி அவள் கவனத்தைக் கலைத்தவன் ஆவேன். எனக்கு என்ன தெரியும்? உள்ளங்கால் கொதித்தது. கால் மாற்றிக்கூட நிற்காமல் நின்றேன். அவ்வளவு கெட்டிக்காரன் நான்.

பன்னிரண்டு மணிக்குத் தட்டுகிற சத்தம் நின்றுபோனது. இறங்கி வந்தேன். கம்பெனிக்காரர் கூடத்து லேப்டாப் வழியாக அவளோடு பேசிக்கொண்டிருந்தார். குரலில் மரியாதை குறையவில்லை.

"நாங்க அனுப்பினதெல்லாம் சரியா இருக்குது மேடம். உங்க செக்சம்தான் என்னான்னு பாருங்க. டைம் முடிஞ்சிடுச்சு. அடுத்த வருஷம் கண்டிப்பா டிரை பண்ணுங்க."

"சரிங்க சார். தேங்க்ஸுங்க" என்றாள்.

அவள் அழவில்லை. எழுதி வைத்திருந்ததைத் திறந்து மேலிருந்து கீழே படித்தாள். ஓரிடத்தில் கண் நின்றது. ஆறு நிமிஷத்தில் ஏழு வரி எழுதினாள். கூடத்து லேப்டாப்பில் தன் புரோகிராமை மூடிவிட்டு, அந்த மெஷினுக்குள் பிறவியிலேயே இருக்கிற ஏற்பாட்டைக் கொண்டு கூப்பிட்டாள். முதல் கூப்பாட்டிலேயே சமையலறையிலிருந்து பதில் வந்தது. பச்சையாக.

வேற்று ஆள் நாலு மாதமாக எங்கள் டிவி ஸ்டாண்டின் மேலேயே இருந்திருக்கிறான்.

"அனுப்புறவன் அட்ரஸு, வாங்குறவன் அட்ரஸு, ரெண்டையும் சேத்துக் கூட்டணும் மாமா. ஃபைலு அனுப்பக் கூப்புடறப்பதான் அப்படி, சும்மா 'இருக்கியா'ன்னு கேக்கறதுக்கு வேணாம். நான் உட்டுட்டேன். ரெண்டு பக்கமும் நான் எழுதினது, ரெண்டு பக்கமும் உட்டுட்டேன். அதான்..."

"ஒன்னுக்கொன்னு பொருந்திக்கிச்சு. வெளியாளுக்குப் பொருந்தல" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எப்படி மாமா டக்குனு சொல்றீங்க?"

லாரி திரும்பி வந்த கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் தோன்றியது என்றால் நம்பியிருப்பாள்.

"உங்களுக்கு மின்னாடியே தோணுச்சா?"

"தோணுச்சு."

"எப்ப?"

"வயரப் புடுங்கி மாட்டச் சொன்னியே, அன்னைக்கு. அப்பறம் மாடியில நிக்கும்போது."

"மாடியில நிக்கும்போது மணி என்னா?"

"பதினொன்னு முப்பத்தஞ்சு."

அவள் திரையில் இருந்த அந்த ஏழு வரியைப் பார்த்தாள். இருபத்தைந்து நிமிஷத்தில் ஆறு நிமிஷத்தைக் கழித்துப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. திட்டட்டும் என்று காத்திருந்தேன். வயரைக் கழற்றி என் முகத்தில் எறியட்டும்.

"ஏன் மாமா சொல்லல?"

"நீ படிச்சவ. உனக்குத் தெரியாததான்னு நெனச்சிட்டேன்."

"எனக்குத் தெரியலியே மாமா" என்றாள்.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அப்படி ஒரு குரலில் அவள் என்னிடம் பேசினதில்லை. பக்கத்தில் போய் உட்கார வேண்டும் போலிருந்தது. அதற்கும் அவள் சொல்வாளா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.